தேங்காய்ப்பாலில் வெந்த நத்தை

பினாங்கு

அம்மாவுக்கு மகன் ரெத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் நம் ஊர்ப் பண்ணை வீட்டுத் துரைராசு இங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்தார். என் முதலாளிக்குத் தெரிந்தவராம். இந்த ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்றார். நான்தான் மலாய்க்காரர் கடைக்கு அழைத்துப் போனேன். தேங்காய்ப்பாலில் வெந்த நத்தை வந்தது. கடலில் பிடித்தது என்று நினைத்து உறிஞ்சி உறிஞ்சித் தின்றார்.

"ரொம்ப ருசிடா. நம்ம பக்கம் கெடைக்குமா?"

"உங்க வயல்லேயே கெடக்குங்க."

"இத்தன நாளா தெரியாமப் போச்சே" என்று இன்னொரு தட்டு வாங்கிவரச் சொன்னார்.

ஆட்சி மாறியதும் கூலி உயரும் என்று நம்பி நாம் வேலைநிறுத்தம் செய்த வருஷம், பசிக்கு அந்த வயலில் நத்தை பொறுக்கப்போன அப்பாவை அவர்கள் ஆட்கள் கட்டிவைத்து அடித்தார்களே. அப்பா அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லையே. துரைராசுவுக்கு அது நினைவிலேயே இல்லை அம்மா. தட்டை வாங்கிவந்து கொடுத்தேன். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கப்பலில் யாராவது வந்தால் நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்து அனுப்பு.

அப்பா போனதிலிருந்து நீ நத்தை சமைப்பதில்லை. இந்த வருஷம் அப்பா படையலில் மட்டும் கொஞ்சம் வை. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வாய்க்காலில் கிடைப்பது போதும். அவர்கள் வயலில் இறங்காதே.

உன் மகன்
ரெத்தினம்