இலங்கை ஒரு பிடி, கனடா ஒரு பிடி

பீர்மேடு,
ஞாயிறு, பூசை முடிந்து.

ஜெர்மனி தேசத்தையே கட்டி ஆளும் என் மகள் டின்சிக்கு, மலைகளின் சக்கரவர்த்தி செபாஸ்டின் சித்தப்பா ஆசீரோடு எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழைதான் ஓயவில்லை. நேற்று நோவாவின் பேழை எங்கள் லயத்துக் கூரையில் இடித்து, வழி கேட்டுவிட்டுப் போனது.

போன வாரம் விழுந்த இடியில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. தமிழை வாசித்துக் காட்ட நீ எழுதின மென்பொருளும் அதோடு போச்சு. "வருசக்கணக்கா உழைச்சதை விக்காம ஊருக்கு ஓசியில குடுத்த கோட்டிக்காரி" என்று உன்னோடு பேச்சை நிறுத்தினாரே உன் அப்பா, பார்வை போனபிறகு தினமும் பேப்பரை அந்தக் குரலில்தான் கேட்டார். உன்னிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தையும் இடி தின்றுவிட்டது.

"அவகிட்ட மட்டும் கேக்காதலே" என்றார். நான் விடுவேனா? என் கம்ப்யூட்டரை உங்கள் வீட்டுக்குத் தூக்கிப்போய், உன் இணையப் பக்கத்திலிருந்த டோரன்ட் இணைப்பைத் தட்டினேன்.

மகளே, வாய் பிளந்தேன். ஒரு கொசுக்கூட்டமே உள்ளே குடியேறிவிட்டது! எங்கெங்கோ இருப்பவர்களிடமிருந்து துண்டு துண்டாக வருகிறது. திரையில் ஒவ்வொரு வரியிலும் ஒரு நாட்டுக் கொடி. உன் முகம் தெரியாதவர்கள், தாங்கள் இறக்கிக்கொண்டதை மூடி வைக்காமல் அடுத்தவருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் தருகிறார்.

"யார்லே குடுக்கா?" என்றார் அண்ணன். வாசித்தேன்: இலங்கை, கனடா, பிரேசில்.

"பிரேசில்ல யாருக்குலே தமிழு?"

"அங்க கிளிகூட தமிழ்தாண்ணே" என்றேன்.

மதினி உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "நம்ம பிடியரிசி மாதிரில்லா இருக்கு. வீட்டுக்கு ஒரு பிடி, கடைசில அண்டா நிறைஞ்சிரும்" என்றார்.

சோறு வேகுமுன் முழுசும் வந்து சேர்ந்தது. குரல் பேசினது. அண்ணன் பேப்பரைக் கேட்கவில்லை. அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான், "வந்தாச்சு, இணைப்பை அணைச்சிரவாண்ணே?" என்றேன்.

"ஏலே, அணைக்காத. இன்னும் எவனாவது கேட்டு வருவான். நாமளும் ஒரு பிடி போடணும்லா."

பீர்மேட்டு மலைகளெல்லாம் எழுந்து நின்று குருசு போட்டுக்கொண்டன, மகளே. நானும்தான்.

நேற்றிலிருந்து போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். மதினி கேட்டால், மணி தெரிஞ்சுக்கவாம்.

கூப்பிடு. முதலில் திட்டுவார், வைத்துவிடாதே. மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

சித்தப்பா