தடித்த தந்தி

பிப்ரவரி 4

டிரைவிங் ஸ்கூலில் இன்று நாள் முழுக்க ரிவர்ஸ் பாடம் நடத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அப்படியும் வீட்டுக்கு வந்ததும் பிடிலை எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஐம்பது தாண்டி ஆரம்பித்தவள், ஒரு வருடம்தான் ஆகிறது. ஆனால் எனக்கு வருகிறது. இதை அடக்கமாக எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

நாட்டுப்புற ஆட்ட மெட்டுகள் வாசிக்கும் எங்கள் சனிக்கிழமைக் குழுவில் அக்கார்டியன் வாசிப்பவர் பேக்கரிக்காரர். அவரே சொல்லிவிட்டார்: "அக்கா, உங்க கை முன்னேறிடுச்சு. பிடில்தான் பின்னாடி நிக்குது." உண்மைதான். பாதி மெட்டில் தந்தியின் முறுக்காணி நழுவிச் சுருதி இறங்கிவிடுகிறது.

இவர் மட்டும் ஒரு குறையும் சொல்வதில்லை. மர அறுவை மில்லில் ரம்பத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதர். நான் வாசித்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். முடித்ததும் "நல்லா இருக்கு" என்பார். வேறு வீட்டில் என்றால் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 6

முடிவு செய்தாயிற்று. நல்ல பிடிலாக ஒன்று. இவரையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். கை என்னுடையது, காது இவருடையது.

பிப்ரவரி 8

கடைக்காரம்மா கையெல்லாம் பசையோடு பின்கட்டிலிருந்து வந்து மூன்று பிடில்களை எடுத்து வைத்தார். பளபளப்பைப் பார்க்காதீர்கள், கைக்குப் பழகிய ஒரே மெட்டை மூன்றிலும் வாசியுங்கள் என்றார். வீட்டில் எப்போதும் நான் வாசிக்கும், எனக்குப் பிடித்த மெட்டு முழுக்க மெல்லிய தந்தியிலேயே சுற்றிச்சுற்றி வரும். அதையே வாசித்தேன்.

முதலாவதற்கு இவர் "நல்லா இருக்கு" என்றார். இரண்டாவதற்கும் அதே.

"ஐயா, எல்லாமே நல்லா இருந்தா நான் எதை விக்கிறது?" என்று கடைக்காரம்மா சிரித்தார். "திரும்பி நின்னு கேளுங்க. பாத்தா கண்ணு ஏமாத்திடும்."

இவர் சுவரைப் பார்த்து நின்றார். மூன்றாவதை வாசித்தேன். அடுத்தவர் பொருள் என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான். வாசித்து முடித்து வில்லை இறக்கினேன். இவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"எப்ப ஆரம்பிக்கப் போற?"

கடைக்காரம்மா குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த பிடிலையே துடைத்தார்.

எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 9

நேற்று கடையிலிருந்து திரும்பி வரும்போது காரை ஓரம் கட்டிக் கேட்டேன். மில்லில் இருந்த காலத்திலேயே கீச்சென்ற மேல் சுருதிச் சத்தமெல்லாம் காதில் விழாமல் போய்விட்டதாம். நான் பேசுவது கேட்கிறதாம் — நான்தான் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவளாயிற்றே.

"அப்ப இத்தனை நாளா எதைங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"வாசிக்கறப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும். அதைத்தான் சொன்னேன்."

"காது கேக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திடுவியே."

ஐயோ, ஒரு வருஷம்! பெரிய வித்வான்னு நெனச்சு மிதந்துக்கிட்டு இருந்தேனே. இந்த மனுஷன் ஒரு சொட்டு கேக்கலையே! யாருக்கு வாசிச்சேன் நான்? சுவத்துக்கா?

நிறுத்தியிருப்பேனா? — நிறுத்தித்தான் இருப்பேன்.

பிப்ரவரி 11

காது டாக்டர் மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வர நாளாகுமாம். பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார். டாக்டருக்கு என்னைத் தெரியாது.

பிப்ரவரி 15

மறுபடி கடை. மறுபடி இவர்.

குழுவில் அக்கார்டியனை மீறிக் கேட்க வேண்டுமானால் கணீரென்ற பிடில்தான் வேண்டும் என்று பேக்கரிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்று பார்த்த இரண்டாவது பிடில் அப்படித்தான் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. அதைத் தொடாமல், "தடிச்ச தந்தி நல்லாப் பேசற பிடில் எது?" என்று கேட்டேன்.

பின்கட்டிலிருந்து ஒரு கறுத்த பிடில் வந்தது. பார்வைக்கு லட்சணம் என்று சொல்ல முடியாது. "கீழ முழங்கும். மேல கொஞ்சம் கரகரப்பு. கும்பல்ல அமுங்கிப் போயிடும், யோசிச்சுக்கோங்க" என்றார் கடைக்காரம்மா.

அதே மெட்டைத் தடித்த தந்திகளுக்கு இறக்கினேன். விரல் அதேதான், தந்திதான் வேறு. இவர் சுவரைப் பார்த்து நின்றார். நான்கு வீச்சு போயிருக்கும், இவருடைய குதிகால் தட்ட ஆரம்பித்தது. தாளத்தில் தட்டியது! பாதியில் சட்டென்று திரும்பினார்.

"இதா? இதையா ஒரு வருஷமா வாசிச்சிட்டு இருந்தே?"

கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 21

குழு. அக்கார்டியன் முழுசாக விழுங்கிவிட்டது. "அக்கா, உங்களைக் காணோமே?" என்றார் பேக்கரிக்காரர். "அடியில இருக்கேன், தேடிக்குங்க" என்றேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

மார்ச் 7

மெஷின் இன்னும் வரவில்லை. கூடத்தில் புது மெட்டு ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "அந்த ரெண்டாவது வரியில தப்பு விடற" என்றார்.

"தப்பா? எனக்கா? இசையைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"தெரியாது. ஆனா போன தடவை அப்படிப் போகல."

சண்டை போட்டேன். அவரும் விடவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மறுபடி வாசித்தேன். தப்புதான்.

இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டுதான் பழக வேண்டும்.