ஹம் என்று எழுதினேன்

திருப்பூர்,
14.8.1966

அன்புள்ள ரவூப் பாய்க்கு, ஆத்தப்பன் எழுதுவது. நீங்கள் பம்பாயில் சுகம் என்று உமர் சொன்னான். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. போன வெள்ளிக்கிழமை பனியன் மிசினின் சக்கரம் கழன்று விழுந்து, உங்கள் தம்பி உமருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவன் உங்களுக்கும் எழுதவில்லை.

பம்பாய் ஏஜெண்டு படிப்பதற்காக மிசின் ஓடும் விதத்தை ரெஜிஸ்டரில் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றபோது, நீங்கள்தானே எனக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தீர்கள்? சீராக ரீங்காரமிட்டால் ஹம். கடகடத்தால் ரேட்டில். நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டால் த்ராப். கரண்டு குறைந்து விளக்கு துடித்தால் ஃப்ளிக்கர். அந்த நாலை வைத்துக்கொண்டு பெரிய படிப்பாளி போல் ஆடினேன்.

பாய், எனக்கு ஒரு வருஷமாகக் காது கேட்பதில்லை. முகம் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துச் சமாளிப்பேன். செவிடனை மிசின் பக்கம் யார் விடுவார்கள்? அதனால் மறைத்தேன். ஃப்ளிக்கர் ஒன்றைத்தான் உண்மையாக எழுதினேன், கண் இருக்கிறதே. மற்ற நாளெல்லாம் ஹம், ஹம் என்றே எழுதினேன்.

அன்று காலை உமர் மிசின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே அதைக் காட்டி என்னவோ கேட்டான். புரியவில்லை. வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. முதலாளி ரெஜிஸ்டரைத் தூக்கிக் காட்டினார். மிசின் மேல் குறையில்லையாம், உமர்தான் பராக்குப் பார்த்தானாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். உமர் என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். "ஏனுங்கண்ணா, கடகடன்னு கேக்குதேன்னு சொன்னனுங்க. ஒண்ணுமில்லைன்னு தலையாட்டுனீங்க. எனக்குத்தான் தப்பாக் கேட்டுதுங்களா?" என்று கேட்டான். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதலாளி அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம், வேறென்ன செய்ய? இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

ஆனால் உமருக்கு ஒரு வரி எழுதுங்கள். அவனுக்குக் கேட்டது சரிதான் என்று எழுதுங்கள். நான் சொல்ல வேண்டியது அது. சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது, பாய்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத
ஆத்தப்பன்