பொங்கல் பானை முன்னால் வந்த வாடை

நங்கையா,

இன்று காலை அடுப்படிப் பக்கமிருந்து தீய்ந்த வாடை வந்தது. கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது வருமுன் முதலில் வந்து நிற்பது இந்த வாடைதானே. அடுத்தவர் மூக்குக்கு எட்டாத வாடை. மருமகளைக் கூப்பிட்டு, "உனக்கும் அடிக்குதா சாமி?" என்றேன். "ஆமாங்கத்தை, போனைப் பாத்துட்டே பாலைத் தீய உட்டுட்டேன்" என்று நெளிந்தாள். "போவுது உடு, நல்லாத் தீயட்டும்" என்றேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் சேர்ந்து சிரித்திருப்பீர்கள்.

மகனுக்குக் கல்யாணம் முடிந்த வருசம் அது. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, போர்வெல் வண்டியோடு வடக்கே போயிருந்தார். எனக்கு என்னவோ வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவருக்கு அக்காவான நீங்கள்தான். கீழே விழவில்லை, நுரை தள்ளவில்லை. அதனால் வலிப்பு என்று யாரும் நினைக்கவில்லை. பேச்சின் நடுவே ஒரே இடத்தை வெறிப்பேனாம், வெறும் வாயை மெல்லுவேனாம், முந்தானையைத் திருகுவேனாம். தெளிந்தபின் எனக்கு ஒன்றுமே நினைவிருக்காது. எங்கள் கொழுந்தனார் பெண்டாட்டி காத்து கருப்பு என்று மந்திரிக்க ஆள் பார்த்தாள். நீங்கள் என்னைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினீர்கள்.

அங்கே டாக்டர் முன்னால் என்னைப்போல நடித்துக் காட்டினீர்களே! "மேச்சேரி ஆடு அசை போடற மாதிரிங்க" என்று வேறு சொன்னீர்கள். நர்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னார். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் வலிப்புதாம்மா. காதுக்கு மேல பொட்டுப் பக்கத்து மூளையில இருந்து கிளம்புது" என்றார். இது போகுமா என்று கேட்டேன். "பல பேருக்கு மொதல் மாத்திரையிலயே நின்னுரும். சில பேருக்கு மாத்திப் பாக்கணும். எதுக்குமே நிக்காதவங்களும் இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு இன்னிக்கே சொல்ல முடியாது, வருசக்கணக்காப் பாக்கணும்."

முதல் மாத்திரையில் தூங்கி வழிந்தேன். வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. மாற்றிக் கொடுத்ததில் நின்றது. நின்ற சந்தோசத்தில் மாரியம்மன் நோம்பிக்கு விரதம் பிடித்தேன். பல்லில் எதுவும் படக்கூடாது என்று மாத்திரையையும் விட்டேன். கோயில் வாசலில், பொங்கல் பானை முன்னால், அந்த வாடை வந்தது. தெளிந்தபோது என் கையைக் குடத்துத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்தீர்கள். எரிகிற விறகைப் பிடித்துவிட்டேனாம். "மாத்திரை என்ன சோத்துல சேத்தியா? ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நாந்தான் கோவிச்சுக்குவேன்!" என்று ஊர் கேட்கத் திட்டினீர்கள்.

அப்போது மருமகள் நிறைமாசம். கொழுந்தனார் பெண்டாட்டி, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, என் காதுபடச் சொன்னாள்: "பொறக்கற கொழந்தைய மட்டும் இவ கையில குடுத்துறாதீங்க, போட்டுருவா." நங்கையா, அந்தக் கை வெந்த வலி ஆறிவிட்டது. இது ஆறவில்லை. இந்த நோயில் ஞாபகம் மங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் சேலைக் கரை முதற்கொண்டு இன்றும் சொல்வேன்.

பேத்தி பிறந்தாள். தவழ்ந்தாள். வீட்டில் ஒருவரும் என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் விடவில்லை, அதுவும் வரவில்லை. காதுகுத்தன்று குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் கை நீட்ட, நீங்கள் வாங்கி நேராக என் மடியில் வைத்தீர்கள். "நோம்பியில இருந்து நான் கூடவே இருந்து பாக்கறேன், அது வரல. டாக்டரும் உக்காந்து தூக்கலாம்னுட்டார். எதாச்சும்னா என்னயக் கேளுங்க." குழந்தை அழுகையை நிறுத்தாமலே என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு வலியில் என்றுதான் சொன்னேன்.

அவள் இப்போது காலேஜ் போகிறாள். நீங்கள் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பழைய டாக்டரும் ஓய்வு வாங்கிவிட்டார். போன வாரம் ராசிபுரத்தில் புது டாக்டரம்மா, "இத்தனை வருசமா வரலியே, மெதுவாக் குறைச்சுப் பாக்கலாமா? நிறுத்தினாலும் சிலருக்கு வராது, சிலருக்குத் திரும்பிரும்" என்றார். "குறைச்சுரலாமுங்க" என்று முந்தினான் மகன். முன்பெல்லாம் டாக்டர் கேட்டால் நான் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். அன்று பக்கத்தில் இவன்தான் இருந்தான்.

"தலை என்னுதுங்க டாக்டரம்மா" என்றேன். "எனக்கு இது ஒத்துக்கிச்சு. மறுபடி வந்துருமோன்னு பயந்துட்டு உக்கார நேரமில்லீங்க. குறைக்க வேண்டாம்." இத்தனை வருச மாத்திரை எலும்பைத் தேய்க்கலாமாம், அதற்கு மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டு, அதுவும் சரியான முடிவுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஓடிவந்தாள். "டாக்டர் என்ன சொன்னாங்க அப்பாயி?"

"நான் சொன்னேன் சாமி. அவங்க கேட்டுக்கிட்டாங்க."