செம்மஞ்சள் கோடு

நேற்றிரவு அலுமாரியின் அடித்தட்டைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நாம் இருவரும் தைத்த கொடி அங்கேதான் கிடந்தது. நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நாளை சுதந்திர தின விழா. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

மஸ்கட்டில் நம் அப்பாமார் ஒரே ஹோட்டலில் வேலை செய்தார்கள். கண்டிக்காரி நான், தெல்தோட்டைக்காரி நீ. அந்த சர்வதேசப் பாடசாலையில் இலங்கைப் பிள்ளைகள் நாம் இரண்டே பேர். தினமும் காலையில் அந்நாட்டுக் கீதத்துக்கு விறைத்து நிற்போம். அது எனக்குத் தலைகீழாகப் பாடம். வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் கொடியோடு மேடையேறித் தம் கீதத்தைப் பாட வேண்டும். கடைகளில் நம் கொடி இல்லை. தைக்கலாம் என்று துணி தேடினோம். எல்லா நிறமும் கிடைத்தது, செம்மஞ்சளைத் தவிர.

"விடுடி, இங்க யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். தமிழருக்கென்று கொடியில் இருப்பதே அந்த ஒரு கோடு. அதைத்தான் விடச் சொன்னேன், நான்!

"நமக்குத் தெரியும்ல?" என்றாய். உன் தீபாவளித் தாவணியைக் கொண்டுவந்து, கண் இமைக்காமல் வெட்டினாய்.

மேடையில் நீ தெல்தோட்டைப் பாடசாலையில் படித்தபடி நம் தேசிய கீதத்தைத் தமிழில் பாடினாய். அதைச் சிங்களத்தில் மட்டுமே அறிந்த நான், தமிழ்ச் சொற்கள் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தேன். கைதட்டல் இருவருக்கும் கிடைத்தது. இறங்கும்போது, "மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுறியே, வெக்கமா இல்லயா?" என்று கேட்டாய். இருந்தது. அன்று மாலையே வரிவரியாகச் சொல்லித் தந்தாய்.

இப்போது கண்டியில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் சங்கீத டீச்சர் நான். நாளைய நிகழ்ச்சி நிரலில் தேசிய கீதம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. அதிபரிடம் போனேன்.

"நேரமில்ல டீச்சர். யாரும் கவனிக்க மாட்டாங்க."

நான் அன்று சொன்ன அதே பேச்சு. இன்று காலை இந்தக் கொடியை அவர் மேசையில் விரித்தேன். உன் தாவணியின் ஜரிகை இன்னும் மினுங்குகிறது. "அப்ப இந்தக் கோட்ட வெட்டிட்டு ஏத்துவமா சேர்?" என்றேன். "பாப்பம் டீச்சர்" என்று கொடியை மடித்து என் கையில் தந்தார்.

பன்னிரண்டு பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறேன். ஒலிவாங்கி தந்தால் நல்லது. தராவிட்டாலும் சிங்களக் கீதம் முடிந்த கையோடு தமிழில் தொடங்குவோம். பிள்ளைகள் பயந்து நின்றுவிட்டால் நான் தனியாகப் பாடுவேன்.

சத்தமாகத்தான். இனி நீ என்னை மீன் என்று சொல்ல முடியாது.