உருண்டைப் பொடியும் கோணல் பொடியும்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் அம்மா உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை நீட்டினார்கள். "இது மருந்தாய்யா?" மூடியைத் திறந்தேன். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. மருந்தில்லை, பிளாஸ்டிக் பொடி என்றேன். மஞ்சள்காமாலையில் நீ போய்விட்டாய் என்பது அப்போதும் உள்ளே இறங்கவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரே பெஞ்சில் படித்தோம். எழுபத்தெட்டில் வடக்கே ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். நீ ஆராய்ச்சியாளன், நான் உதவியாளன். பொடியைச் சலித்துக் கிண்ணத்தில் அடைத்து, உலோகத் தகடு ஒன்றைப் படுவேகமாக அதன்மேல் மோதவிடுவோம். துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றுவெளி கண்ணிமைக்கும் முன் நசுங்கிவிடும். துகள் உருண்டையாக இருந்தால் எப்படி, கோணல்மாணலாக இருந்தால் எப்படி, நைசுக்கும் பெருவெட்டுக்கும் என்ன வித்தியாசம்? அதுதான் உன் கேள்வி. "மெதுவா அடிச்சாத்தாம்லே உருவம் தெரியுது. ஓங்கி அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்பாய்.

ஒரு ஆடி மாதம், மோதலின் அளவுகளை வைத்து நீ போட்ட வரைபடம் தலைகீழாக வந்தது; உருண்டைக்கு வரவேண்டிய கோடு கோணலுக்கு வந்தது. அதே சமயம் உன் அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. "இத முடிச்சுட்டுப் போறேன்" என்று இருந்துவிட்டாய். மூன்றாம் வாரம்தான் எனக்கு உறைத்தது. இரண்டு பொடிகளின் பெயர்ச் சீட்டையும் நான் மாற்றி ஒட்டியிருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. மறுநாள், அப்பா போய்விட்டார் என்று அடுத்த தந்தியும் வந்துவிட்டது.

ஊருக்கு வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பும்போது, ரயிலில் சொன்னேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியும்லே. முதல் வாரமே மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேன். நோட்டுல மாத்தி எழுதிக்கிட்டேன்."

"பெறகு ஏன் போகல?"

"கோடு சரியா வர ஆரம்பிச்சுட்டு. இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு அடிச்சுக்கிட்டே இருந்துட்டேன். அத உன் தலையில போட முடியுமா?"

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பெட்டியை மூடிவிட்டு அம்மா கேட்டார்கள்: "அவன் ஏன்யா அன்னைக்கு அப்பாவப் பாக்க வரல?"

"என்னாலதாம்மா." சீட்டு மாறியதைச் சொன்னேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி. எல போட்டாச்சு. சாப்ட்டுட்டுப் போ."

உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. இன்றுவரை அழுகையும் வரவில்லை. நீ ரயிலில் சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் சொல்லமாட்டேன்.