அலமாரிக்குப் பின்னால் பூனை

பெரியப்பா,

கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடிக்கிறோம். இன்று காலை முன்னறைச் சுவரில் சுண்ணாம்பு ஈரம் பட்டதும் அந்தப் பழைய நாற்றம் லேசாகக் கிளம்பியது. மட்டையை வாளியில் போட்டுவிட்டுச் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன்.

"என்னடா, செவுத்துக்கு முத்தம் குடுக்கறே?" என்றாள் அம்மா.

பூனை மூத்திரம்தான். உங்களுடையது இல்லை. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், முதலில் அம்மா நம்பவில்லை.

மேரியில், அதுதான் முனிசிபல் ஆபீஸில், பியூன் வேலை முடிந்ததிலிருந்து நீங்கள் எங்கள் முன்னறையில்தான் இருந்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளாத உங்களுக்கு உங்கள் தம்பி வீடுதான் வீடு. அப்பா போன பிறகும் அது மாறவில்லை. நான் காலேஜுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த வருஷம்தான் அறை நாற ஆரம்பித்தது. அம்மா பினாயில் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியதும், தெரிந்த கறையெல்லாம் மறையட்டும் என்று சுண்ணாம்பை அடித்தாள். அவ்வளவுதான், நாற்றம் கண்ணை எரித்தது.

"வயசாயிடுச்சு, அடக்க முடியல. வாய விட்டுச் சொல்லவும் வெக்கம்," என்றாள் அம்மா என்னிடம், உங்கள் காதில் விழும்படியாகவே. "சிஸ்டருங்ககிட்ட பேசிட்டேன். பொங்கலுக்கு முன்னாடி மடத்து முதியோர் விடுதியில எடம் தர்றாங்களாம்."

அறையை வாடகைக்கு விடப் பார்க்கிறாளோ என்று எனக்கு அம்மா மேல் சந்தேகம். உங்கள் மேலும்தான். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். மறுக்காமல் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். செய்யாத மனுஷன் இப்படியா உட்காருவார்?

அம்மா கடைத்தெருவுக்குப் போனதும் தரையில் மண்டியிட்டு அறை முழுக்க முகர்ந்தேன். "என்னடா, போலீஸ் நாயா?" என்று சிரித்தீர்கள். அலமாரி பக்கம்தான் நாற்றம் அதிகம். நகர்த்திப் பார்த்தேன். பின்சுவரில் முட்டி உயரத்திலிருந்து, புதுச் சுண்ணாம்பின் மேலேயே, மஞ்சளாகக் கோடு கோடாக வழிந்திருந்தது. அலமாரிப் பலகையிலும் அதே கோடு. இடுக்கோ ஒரு சாண்.

அம்மா வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தச் சந்துல பெரியப்பா எப்படிம்மா நுழைஞ்சாரு? ஒட்டிக்கிட்டுப் பல்லி மாதிரி ஏறினாரா?"

"வாய மூடு. தெருவுக்கே கேக்கும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக அந்தக் கடுவன் பூனை குதித்தது. உங்கள் தட்டு மீன் தலையைத் தின்று கொழுத்ததே, நீங்கள் மினு மினு என்று கொஞ்சுவீர்களே, அதுதான். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் போனது, சுவருக்கு முதுகைக் காட்டியது, வாலைத் தூக்கி ஆட்டிப் பீய்ச்சியது.

அம்மா கையிலிருந்த மீன் பையோடு அப்படியே நின்றாள். "அட நாசமாப் போற பூனையே."

அன்று உங்களுக்கு மட்டும் பெரிய மீன் துண்டமாகப் போட்டாள்.

சுவரைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினேன். வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒற்றி எடுத்தேன். கறிக்கு ஊற்றுகிற கள்ளுக்காடியைத் தண்ணீரில் கலந்து, சுவரும் பலகையும் ஊறும்படி துணியை வைத்து அழுத்தினேன். ஜன்னலைத் திறந்து நன்றாகக் காயவிட்டேன். நாற்றம் ஏறக்குறையப் போனது. வெற்றி வீரன் மாதிரி வாளியைத் தூக்கியபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"டேய், செவுரு மினுவோடது. கட்டிலுக்கு அடியில இருக்கறது மினுவோடது இல்ல."

"தெரியும்," என்றேன். தெரியாது. சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

உங்கள் முகத்தைப் பார்க்காமல் கட்டிலடியையும் துடைத்தேன். அதற்குப் பிறகு காலையில் ஈரம் இருந்தால் முதலில் துடைப்பேன். அப்புறம் விளக்கமாறைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, "சனியனே, மறுபடியுமா!" என்று ஊர் கேட்கக் கத்துவேன். நீங்கள் உள்ளே இருமுவதுபோல் சிரிப்பீர்கள்.

தை மாதம் கடுவன் எங்கேயோ போய்விட்டது. மண்டபத்தூர்ப் பக்கம் மீன் காயும் இடத்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நான் கத்துவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் நான் எழ நேரமாகிவிட்டது. அம்மா வந்து காலால் உதைத்தாள். கையில் காடிப் புட்டி, பழந்துணி.

"எழுந்திரு. உன் பூனை வந்துட்டுப் போயிருக்கு. பெரியப்பா முழிக்கிறதுக்குள்ள தொடச்சிடு."

மடத்துப் பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. கடைசி மூச்சுவரை அந்த அறை உங்களுடையதாகவே இருந்தது.

அம்மாவுக்கு எப்போது தெரிந்தது? நீங்களே சொன்னீர்களா? இல்லாத பூனையை நான் துரத்தத் துரத்த, நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்களா? எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது, பெரியப்பா. அம்மாவிடம் கேட்கமாட்டேன்.